ஒன்பதாயிரம் முறை தோற்றவர்!

எடிசன் என்றதும் மின்சார விளக்கு நினைவுக்கு வரும். பாட்டுப் பெட்டி நினைவுக்கு வரும். சினிமாப் படம் பிடிக்கும் கருவியும் நினைவுக்கு வரும்.

ஆனால் அவரை அதிகமாக வாட்டி எடுத்தது இவற்றில் எதுவும் அல்ல. அது ஒரு பாட்டரி!

மின்சார விளக்கைச் செய்து முடிக்க எடிசனுக்கு ஓர் ஆண்டுக்குச் சற்று மேல் பிடித்தது. பாட்டரிக்கோ 10 ஆண்டுகள் பிடித்தன. பெருஞ்செல்வம் கரைந்தது. விற்ற சரக்கைத் திரும்ப வாங்கும் நிலையும் வந்தது. அப்படியும் அவர் விடவில்லை.

ரயிலில் மிட்டாய் விற்ற பையன்

தாமஸ் ஆல்வா எடிசன் 1847-ம் ஆண்டு பிப்ரவரி 11-ந் தேதி அமெரிக்காவில் பிறந்தார். ஊர், ஓஹையோ மாநிலத்தில் உள்ள மிலான். பிறகு குடும்பம் போர்ட் ஹியூரான் என்ற ஊருக்குக் குடியேறியது.

எடிசன் பள்ளிக்கூடம் போனது சில மாதங்கள்தான். மந்தமான பையன் என்று ஆசிரியர் நினைத்தார். தாய் நான்சிக்குக் கோபம் வந்தது. மகனைப் பள்ளியில் இருந்து நிறுத்தி, வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். அந்தத் தாய் தந்த புத்தகங்கள்தான் எடிசனை எடிசன் ஆக்கின.

12 வயதில் அவர் ரயில் ஏறினார். பயணம் செய்ய அல்ல, பிழைப்புக்காக! போர்ட் ஹியூரானுக்கும் டெட்ராய்ட்டுக்கும் இடையே ஓடிய ரயிலில் பத்திரிகையும் மிட்டாயும் விற்றார். கிடைத்த காசில் ரசாயனப் பொருள்கள் வாங்கினார். சாமான் பெட்டியின் ஒரு மூலையில் சிறு ஆராய்ச்சிக்கூடமே வைத்துவிட்டார்.

ஒரு நாள் ரயில் குலுங்கியது. பாஸ்பரஸ் கீழே விழுந்து தீப்பிடித்தது. கார்டு ஓடி வந்து தீயை அணைத்தார். புட்டிகள் எல்லாம் வெளியே பறந்தன!

இந்த வயதிலேயே எடிசனுக்குக் காது மந்தம் ஆகிவிட்டது. வாழ்நாள் முழுவதும் அது சரியாகவில்லை. அதற்காக அவர் வருந்தவும் இல்லை. வெளிச் சத்தம் இல்லாமல் சிந்திக்க முடிகிறதே என்று மகிழ்ந்தார்.

1862-ம் ஆண்டு அவருக்கு ஒரு நல்ல காலம் பிறந்தது. மவுண்ட் கிளெமென்ஸ் என்ற ஸ்டேஷனில், ஸ்டேஷன் மாஸ்டரின் சின்னக் குழந்தை தண்டவாளத்தில் விளையாடிக் கொண்டிருந்தது. ஒரு ரயில் பெட்டி அதை நோக்கி உருண்டு வந்தது. எடிசன் பாய்ந்து குழந்தையைக் காப்பாற்றினார். நன்றியாக, ஸ்டேஷன் மாஸ்டர் அவருக்குத் தந்தி அடிக்கக் கற்றுக் கொடுத்தார்.

கூரை வழியே ஒழுகிய திராவகம்

அந்தக் காலத்துத் தந்தி ஆபீசில் பாட்டரிகளுக்கென்றே ஓர் அறை இருக்கும். கண்ணாடிச் சாடிகள் வரிசையாக நிற்கும். எடிசனுக்கு அந்த அறையின் மீது தீராத மோகம்.

லூயிவில் நகரில் அவர் இரவு வேலை பார்த்தார். ஒரு நாள் இரவு, சோதனை செய்வதற்காகக் கந்தகத் திராவகம் எடுக்கப் பாட்டரி அறைக்குப் போனார். பெரிய ஜாடி சாய்ந்தது. திராவகம் தரையில் ஓடிற்று. பலகை இடுக்கு வழியாகக் கீழே ஒழுகிற்று. கீழே இருந்தது மானேஜரின் அறை! மானேஜரின் மேஜையையும் விரிப்பையும் திராவகம் தின்றுவிட்டது.

மறுநாள் காலையில் எடிசனுக்கு வேலை போயிற்று.

பாட்டரித் திராவகத்தோடு எடிசனுக்கு ஏற்பட்ட முதல் சண்டை இது. அடுத்த சண்டைக்கு 30 ஆண்டுகள் ஆயின.

பணமும் புகழும்

1869-ல் எடிசன் நியூயார்க் வந்தபோது கையில் காசு இல்லை. அடுத்த ஆண்டுகளில் பங்கு மார்க்கெட் விலையை அச்சடிக்கும் தந்திக் கருவியைத் திருத்தி அமைத்துப் பணம் சம்பாதித்தார். 1876-ல் மென்லோ பார்க் என்ற சிற்றூரில் ஆராய்ச்சிக்கூடம் கட்டினார்.

1877-ல் பேசும் கருவி வந்தது. 1879-ல் மின்சார விளக்கு எரிந்தது. 1882-ம் ஆண்டு செப்டம்பர் 4-ந் தேதி நியூயார்க் நகரின் பேர்ல் தெருவில் அவருடைய மின்சார நிலையம் ஓடத் தொடங்கியது. உலகம் அவரை மந்திரவாதி என்று கொண்டாடியது.

வீட்டில் இன்பமும் துன்பமும் கலந்தே இருந்தன. முதல் மனைவி மேரி 1884-ல் இறந்துபோனார். 1886-ல் எடிசன் மைனா என்ற பெண்ணை மணந்தார். 1887-ல் வெஸ்ட் ஆரஞ்சு என்ற ஊரில், முன்னதைவிடப் பெரிய ஆராய்ச்சிக்கூடம் எழுந்தது.

அதன் பிறகு சனி பிடித்தது. மட்டமான பாறையைப் பொடி செய்து, காந்தத்தால் இரும்பைப் பிரித்து எடுக்கலாம் என்று எடிசன் நம்பினார். நியூஜெர்சி மலைப் பகுதியில் ராட்சத ஆலை கட்டினார். ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடந்தார். திடீர் என்று வேறு இடத்தில் நல்ல இரும்புத் தாது மலிவாகக் கிடைத்தது. ஆலையை மூட வேண்டியதாயிற்று. போனது சுமார் 20 லட்சம் டாலர்!

அப்போது அவருக்கு வயது 52. வேறு ஒருவராக இருந்தால் மூலையில் உட்கார்ந்திருப்பார். எடிசன் 1899-ல் புதிய வேலையைத் தொடங்கினார்.

மின்சாரக் கார் யுகம்

அது கார்கள் முளைத்த காலம். பெட்ரோல் கார், நீராவிக் கார், மின்சாரக் கார் என்று மூன்று வகை ஓடின. 1900-ம் ஆண்டு அமெரிக்காவில் செய்யப்பட்ட கார்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மின்சாரக் கார்தான்!

மின்சாரக் காரில் புகை இல்லை. சத்தம் இல்லை. கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் தோள் வலிக்கத் தேவை இல்லை. பெண்கள் அதை விரும்பி ஓட்டினார்கள்.

ஆனால் அதற்கு ஒரு நோய் இருந்தது. அந்த நோயின் பெயர் ஈயப் பாட்டரி.

ஈயப் பாட்டரியின் கதை

ஈயப் பாட்டரியை 1859-ல் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி காஸ்டன் பிளாந்தே கண்டுபிடித்தார். இரண்டு ஈயத் தகடுகள், நடுவே துணி, சுற்றிலும் தண்ணீர் கலந்த கந்தகத் திராவகம். அவ்வளவுதான்.

அதில் மின்சாரத்தைச் செலுத்தினால் தகடுகள் மாறுகின்றன. ஒரு தகடு வெறும் ஈயமாகவும், மற்றது ஈய ஆக்சைடாகவும் ஆகிறது. இதுதான் சார்ஜ் ஏற்றுவது. பிறகு அந்தத் தகடுகளே மின்சாரம் தரும். அப்போது இரண்டு தகடுகளிலும் ஈய சல்பேட் என்ற வெள்ளைப் பொருள் படிகிறது. மறுபடி சார்ஜ் ஏற்றினால் அது கரைந்து போகும்.

சார்ஜ் இறங்கிய பாட்டரியை அப்படியே பல நாள் போட்டு வைத்தால் என்ன ஆகும்? வெள்ளைப் பொருள் கல்லாக இறுகிவிடும். பிறகு எவ்வளவு மின்சாரம் செலுத்தினாலும் முழுவதும் கரையாது. பாட்டரி பாதிச் சாவு செத்துவிடும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரு செல் தருவது 2 வோல்ட்தான். காரை ஓட்டப் பல செல்களை வரிசையாகக் கோக்க வேண்டும். எல்லாச் செல்லுக்குள்ளும் ஒரே மின்சாரம் பாய்கிறது. ஆனால் எல்லாச் செல்லும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைகளில் ஒருவன் பலசாலியாகவும் ஒருவன் நோஞ்சானாகவும் இருப்பது இல்லையா? அதுபோலத்தான். நோஞ்சான் செல் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பின்தங்குகிறது. மற்றவை நிரம்பும்போது அது முக்கால்தான் நிரம்பி இருக்கும். மற்றவை பாதியில் இருக்கும்போது அது காலியாகிவிடும். காலியான செல்லையும் மற்றச் செல்கள் விடாமல் தள்ளும். அப்போது அது தலைகீழாக மாறி, அடியோடு கெட்டுப்போகும்.

இதற்கு வைத்தியம், சமன் செய்யும் சார்ஜ். பாட்டரி நிரம்பிய பிறகும் நிறுத்தாமல், குறைந்த மின்சாரத்தை மேலும் சில மணி நேரம் செலுத்த வேண்டும். நிரம்பிய செல்களில் அந்த மின்சாரம் தண்ணீரைப் பிரித்துக் குமிழியாக வெளியேற்றும். பின்தங்கிய செல் மெல்ல மெல்ல நிரம்பும். எல்லாச் செல்லிலும் ஒரே மாதிரி குமிழி வந்து, திராவகத்தின் கனமும் ஒன்றாக நின்றால் வேலை முடிந்தது. குறைந்த தண்ணீருக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்ற வேண்டும்.

இந்த வைத்தியத்தை அடிக்கடி செய்தாலும் ஆபத்து. தகட்டில் உள்ள மாவு உதிர்ந்து அடியில் வண்டல் ஆகிவிடும். செய்யாவிட்டாலும் ஆபத்து. ஈயப் பாட்டரியைக் காப்பது கைக்குழந்தையைக் காப்பது போல!

மேலும் ஈயம் கனமானது. கந்தகத் திராவகமோ தொட்டதை எல்லாம் அரிக்கும். அதை எடிசனுக்கு யாரும் சொல்ல வேண்டியது இல்லை. லூயிவில் மானேஜரின் மேஜையே சாட்சி!

ஈயமும் வேண்டாம், திராவகமும் வேண்டாம் என்று எடிசன் முடிவு செய்தார்.

தோல்விமேல் தோல்வி

திராவகத்துக்குப் பதிலாகக் காரத்தைப் பயன்படுத்த எடிசன் எண்ணினார். காரத்தில் இரும்பு துருப்பிடிக்காது. எனவே பெட்டியையே எஃகில் செய்யலாம். ஆனால் எந்த உலோகத்தோடு எந்த உலோகத்தைச் சேர்ப்பது?

வெஸ்ட் ஆரஞ்சு ஆராய்ச்சிக்கூடத்தில் இரவும் பகலும் சோதனை நடந்தது. சின்னச் சின்னச் செல்கள் செய்தார்கள். ஒவ்வொன்றையும் சார்ஜ் ஏற்றினார்கள், இறக்கினார்கள், மறுபடியும் ஏற்றினார்கள். எவ்வளவு ஏறியது, எவ்வளவு திரும்பி வந்தது என்று நோட்டில் குறித்தார்கள். செம்பு, காட்மியம், கோபால்ட் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள்.

மாதங்கள் ஓடின. எடிசனின் பழைய நண்பர் வால்டர் மல்லோரி அவரைப் பார்க்க வந்தார். அதற்குள் 9,000 சோதனைகளுக்கு மேல் முடிந்திருந்தன. பலன் ஒன்றும் இல்லை. நண்பர் மனம் கலங்கி, இவ்வளவு உழைத்தும் பயன் இல்லையே என்று வருந்தினார். எடிசன் சிரித்தார். பயன் ஏன் இல்லை, எவையெவை உதவாது என்று ஆயிரக்கணக்கில் தெரிந்துவிட்டதே என்றார்!

கடைசியில் நிக்கலும் இரும்பும் ஒத்துப்போயின. அவை இருந்தது பொட்டாஷ் காரத்தில். சுவீடன் நாட்டில் யுங்னர் என்ற விஞ்ஞானியும் அதே காலத்தில் இதே வழியில் போய்க்கொண்டிருந்தார். இருவருக்கும் உரிமை வழக்கும் நடந்தது.

1901-ம் ஆண்டு மே மாதம் அமெரிக்க மின்சார என்ஜினீயர்கள் கூட்டத்தில், ஆர்தர் கெனல்லி என்பவர் எடிசனின் புதிய பாட்டரியை விளக்கினார். பத்திரிகைகள் பெரிதாக எழுதின. எடிசன் புதுக் கம்பெனி தொடங்கினார். 1903-ல் பாட்டரி விற்பனைக்கு வந்தது.

வந்ததும் இடி விழுந்தது!

விற்றதைத் திரும்ப வாங்கினார்

பாட்டரிப் பெட்டிகளின் ஒட்டு விட்டது. காரத் தண்ணீர் கசிந்தது. அதைவிடப் பெரிய குறை, சில செல்கள் நன்றாக இருந்தன. சில செல்கள் நாளாக ஆகத் தளர்ந்தன. வரிசையில் ஒன்று தளர்ந்தால் வண்டியே நின்றுவிடும்.

குறை எங்கே? நிக்கல் மாவு நன்றாக மின்சாரம் கடத்தாது. அதனால் அதில் கிராபைட் கலந்திருந்தார்கள். சார்ஜ் ஏறி இறங்கும்போது மாவு உப்பிச் சுருங்கியது. கிராபைட்டும் நாளடைவில் கெட்டது. மாவுக்குள் மின்சாரம் போகும் வழி அறுந்தது.

எடிசன் மூடி மறைத்திருக்கலாம். ஒட்டை மட்டும் சரி செய்து விற்றிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. 1904-ல் உற்பத்தியையே நிறுத்தினார். பழுதான பாட்டரிகளைத் திரும்ப எடுத்துக் கொண்டார். தன் பெயர் பொறித்த சரக்கு ஊரை ஏமாற்றக் கூடாது என்பது அவர் எண்ணம்.

கம்பெனி முடங்கியது. ஈயப் பாட்டரிக்காரர்கள் நகைத்தார்கள். எடிசன் மறுபடி முதலில் இருந்து தொடங்கினார். கிராமபோனிலும் சினிமாவிலும் வந்த வருமானத்தைப் பாட்டரியில் கொட்டினார்.

மெல்லிய தாள், சின்னக் குழாய்

இந்த இரண்டாவது போராட்டம் 5 ஆண்டுகள் நடந்தது.

கிராபைட்டுக்குப் பதிலாக, உலோக நிக்கலையே மிக மெல்லிய செதிலாக்கிப் பயன்படுத்த எடிசன் முனைந்தார். அவ்வளவு மெல்லிய செதிலை எப்படிச் செய்வது? இதற்கு அவர் கண்ட வழி அழகானது.

ஓர் உருளையின் மேல் மின்சாரத்தால் செம்பு முலாம் பூசினார். அதன் மேல் நிக்கல் முலாம். மறுபடி செம்பு, மறுபடி நிக்கல். இப்படி மாற்றி மாற்றிப் பல அடுக்குகள் ஏற்றினார். பிறகு அதை உரித்துச் சிறு துண்டுகளாக வெட்டினார். செம்பை மட்டும் கரைத்தார். கண்ணுக்குத் தடிப்பே தெரியாத நிக்கல் செதில்கள் மிஞ்சின!

துளைகள் உள்ள சின்ன எஃகுக் குழாய்களில் ஒரு படை நிக்கல் மாவு, ஒரு படை செதில் என்று நூற்றுக்கணக்கான படைகளை இடித்து அடைத்தார்கள். மாவு உப்பினாலும் குழாய் வெடிக்காமல் இருக்க எஃகு வளையங்கள் மாட்டினார்கள். பெட்டியின் மூலைகளைப் பற்று வைக்காமல் உருக்கி ஒட்டினார்கள். காரத் தண்ணீரில் சிறிது லித்தியம் சேர்த்தார்கள். அதனால் பாட்டரியின் சக்தி கூடியது.

பிறகு சித்திரவதை தொடங்கியது. மனிதருக்கு அல்ல, பாட்டரிக்கு! பாட்டரியை ஓர் எந்திரம் தூக்கித் தூக்கிப் போட்டது. லட்சக்கணக்கான முறை அடி விழுந்தது. மாடி ஜன்னலில் இருந்தும் வீசினார்கள். பாட்டரியை ஏற்றிய வண்டிகளைக் கரடுமுரடான சாலைகளில் மாதக்கணக்கில் ஓட்டினார்கள்.

1909-ல் புதிய பாட்டரி வெளிவந்தது. இந்தத் தடவை அது தோற்கவில்லை.

சார்ஜ் ஏற்றும் விதம்

புதிய பாட்டரியில் ஒரு செல் சுமார் 1.2 வோல்ட் தந்தது. நடுத்தரமான ஒரு செல், 30 ஆம்பியர் மின்சாரத்தை 5 மணி நேரம் கொடுக்கும். திரும்ப நிரப்ப அதே 30 ஆம்பியரை 7 மணி நேரம் செலுத்த வேண்டும். வாங்குவது அதிகம், கொடுப்பது குறைவு. அதுதான் அந்தப் பாட்டரியின் சுபாவம்.

சார்ஜ் ஏற ஏறச் செல்லின் வோல்ட் உயரும். கடைசியில் 1.8 வோல்ட் வரை போகும். 60 செல்களை வரிசையாகக் கோத்தால் 108 வோல்ட். அந்தக் காலத்து மின்சார நிலையங்கள் கொடுத்தது சுமார் 110 வோல்ட். கணக்கு எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

ஆனால் தொடக்கத்தில் பாட்டரியின் வோல்ட் குறைவாக இருக்கும். நேராக இணைத்தால் மின்சாரம் வெள்ளம்போல் பாய்ந்துவிடும். எனவே நடுவில் ஒரு தடைக் கருவி வைத்தார்கள். அதில் ஒரு கைப்பிடி இருக்கும். திருப்பினால் தடை கூடும் அல்லது குறையும். வாய்க்காலுக்கு மடை எப்படியோ அப்படி! பாட்டரி நிரம்ப நிரம்ப, ஊழியர் மீட்டரைப் பார்த்துக் கைப்பிடியை மெல்லத் திருப்புவார். மின்சாரம் கடைசிவரை ஒரே அளவில் பாயும்.

தடைக் கருவி வாங்க வசதி இல்லாதவர்கள் மின்சார விளக்குகளையே தடையாக வைத்தார்கள். பக்கத்தில் பக்கத்தில் ஒரு விளக்கைக் கூட்டினால் மின்சாரம் கூடும். ஒரு விளக்கைக் கழற்றினால் குறையும்.

அதே வேலையைப் பிற்காலத்தில், வோல்ட்டையும் ஆம்பியரையும் குமிழைத் திருகி அமைத்துக்கொள்ளும் மின்சாரப் பெட்டிகள் எடுத்துக்கொண்டன. பெட்டி புதிது, தத்துவம் பழையது.

எடிசன் பாட்டரியின் பெரிய குணம் வேறு. கூடுதலாகச் சார்ஜ் ஏற்றினாலும் அதற்குக் கேடு இல்லை. காலியாகப் பல மாதம் போட்டு வைத்தாலும் கேடு இல்லை. ஒரு செல் பின்தங்கினால், எல்லாவற்றுக்கும் இன்னும் சில மணி நேரம் மின்சாரம் கொடுத்தால் போதும். தண்ணீர் குறைந்தால் ஊற்ற வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒரு தடவை காரத் தண்ணீரை மாற்ற வேண்டும். அவ்வளவுதான்!

நண்பரால் வந்த தோல்வி

பாட்டரி வென்றது. ஆனால் அது எந்த வண்டிக்காகப் பிறந்ததோ அந்த வண்டி தோற்றது!

1896-ம் ஆண்டு ஒரு விருந்தில், எடிசன் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த இளைஞர் ஒருவர் அவரைச் சந்தித்தார். தாம் செய்த பெட்ரோல் வண்டியைப் பற்றிச் சொன்னார். எடிசன் மேஜையைத் தட்டிப் பாராட்டி, அந்த வேலையை விடாமல் செய்யும்படி ஊக்கம் கொடுத்தார். அந்த இளைஞர்தான் ஹென்றி போர்டு!

1908-ல் போர்டின் மலிவுக் கார் வெளிவந்தது. ஆண்டுக்கு ஆண்டு அதன் விலை இறங்கியது. 1912-ல் காடிலாக் காரில், கைப்பிடி சுற்றாமல் தானே கிளம்பும் வசதி வந்தது. அதைக் கிளப்பியது எது? ஈயப் பாட்டரி! மின்சாரக் காருக்கு இருந்த சிறப்பு போயிற்று.

போர்டு நன்றி மறவாதவர். எடிசனுக்கு ஏராளமான பணம் கடனாகக் கொடுத்தார். இருவரும் சேர்ந்து மலிவான மின்சாரக் கார் செய்யத் திட்டமிட்டார்கள். அது நடக்கவில்லை. எடிசன் பாட்டரியின் விலை அதிகம். குளிரில் அது சோர்ந்துவிடும். ஒரே நொடியில் அதிக மின்சாரத்தை அள்ளிக் கொடுக்கவும் அதனால் முடியாது. என்ஜினைக் கிளப்ப அதுதான் தேவை. அந்த வேலைக்கு ஈயப் பாட்டரியே நிலைத்தது.

நீர்மூழ்கியில் விபத்து

நீர்மூழ்கிக் கப்பலில் ஈயப் பாட்டரி பெரிய ஆபத்து. கடல் நீர் அதில் புகுந்தால் குளோரின் என்ற விஷ வாயு கிளம்பும். எடிசன் பாட்டரியில் அந்தப் பயம் இல்லை. எனவே அமெரிக்கக் கடற்படை, ஈ-2 என்ற நீர்மூழ்கியில் எடிசன் பாட்டரியைப் பொருத்தியது.

1916-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி. நியூயார்க் கடற்படைத் தளத்தில் கப்பல் நின்றது. பாட்டரியைச் சோதிக்கும் வேலை நடந்து கொண்டிருந்தது. பயங்கர வெடிச் சத்தம்! உள்ளே இருந்தவர்களில் சிலர் உயிர் இழந்தார்கள். பலர் காயம் அடைந்தார்கள்.

வெடித்தது பாட்டரி அல்ல. பாட்டரியில் இருந்து வந்த ஹைட்ரஜன் வாயு. ஈயப் பாட்டரியோ எடிசன் பாட்டரியோ, நிரம்பிய பிறகு சார்ஜ் ஏற்றினால் இந்த வாயு வரும். முழுவதும் காலியான செல்லை மற்றச் செல்கள் தள்ளினாலும் வரும். அடைத்த இடத்தில் அது சேர்ந்தால் ஒரு பொறி போதும். குற்றம் யாருடையது என்று நீண்ட வாக்குவாதம் நடந்தது. எடிசனின் கனவில் அது ஆறாத புண் ஆயிற்று. கடற்படை ஈயப் பாட்டரிக்கே திரும்பியது.

விபத்து ஒரு பாடத்தைக் கற்பித்தது. பாட்டரி அறையில் காற்று நன்றாக ஓட வேண்டும். தீ கூடாது. ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும். வீட்டு இன்வெர்ட்டர் பாட்டரிக்கும் முதல் இரண்டு விதிகள் இன்றும் பொருந்தும்.

சுரங்கத்தில் ஒளி

காரில் தோற்ற பாட்டரி, வேறு இடங்களில் வாழ்வு பெற்றது. ரயில் பெட்டிகளில் விளக்கு எரித்தது. ரயில் கைகாட்டிகளை இயக்கியது. தொழிற்சாலைகளில் சரக்கு வண்டிகளை ஓட்டியது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொண்டு, நிலக்கரிச் சுரங்கத்தில் நடந்தது. சுரங்கத் தொழிலாளர்கள் தொப்பியில் எரியும் விளக்கோடு வேலை செய்தார்கள். சுரங்கத்தில் தீப்பற்றும் வாயு இருந்தால் அந்தச் சுடரே எமன். எடிசன் சின்னப் பாட்டரி ஒன்றை இடுப்பில் கட்டி, தொப்பியில் மின்சார விளக்கைப் பொருத்தும்படி செய்தார். 1915-ல் அமெரிக்க அரசின் சுரங்க இலாகா அதற்கு அனுமதி கொடுத்தது. காலையில் வேலைக்குப் போன தகப்பன் மாலையில் வீடு திரும்ப அந்த விளக்கு உதவியது.

இதற்கு நடுவே 1914-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி இரவு, வெஸ்ட் ஆரஞ்சுத் தொழிற்சாலையில் பெருந்தீ. பல கட்டடங்கள் வெந்து தணிந்தன. எடிசனுக்கு அப்போது வயது 67. மறுநாளே இடிபாடுகளை அகற்றும் வேலையைத் தொடங்கினார். சில வாரங்களில் எந்திரங்கள் மறுபடி ஓடின.

அவர் போன பிறகும்

1931-ம் ஆண்டு அக்டோபர் 18-ந் தேதி, 84-வது வயதில் எடிசன் காலமானார். அமெரிக்காவில் அவர் பெற்ற பேடண்டுகள் 1,093. அவற்றில் 141 பாட்டரிக்காகப் பெற்றவை!

அவருடைய பாட்டரிக் கம்பெனி அவர் இறந்த பிறகும் 40 ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. 1972-ல் அதை எக்ஸைட் கம்பெனி வாங்கியது. 1975-ல் அமெரிக்காவில் உற்பத்தி நின்றது. அதன் பின்னும், பல பத்து ஆண்டுகளுக்கு முன் செய்த செல்களைக் கழுவி, புதுக் காரத் தண்ணீர் ஊற்றி, சார்ஜ் ஏற்றிப் பார்த்தவர்கள் உண்டு. அவற்றில் பல மறுபடி மின்சாரம் தந்தன! சூரிய ஒளியில் மின்சாரம் எடுக்கும் வீடுகளுக்காக, இரும்பு - நிக்கல் பாட்டரியை வேறு நாடுகளில் இன்றும் சிலர் செய்கிறார்கள்.

எடிசன் தேடியது காருக்கு ஒரு பாட்டரி. கிடைத்தது சுரங்கத் தொழிலாளிக்கு ஒரு விளக்கு. விதைத்த இடத்தில் முளைக்காவிட்டாலும், உழைப்பு வேறு இடத்தில் முளைத்தே தீரும்.